ஒரே கோட்டை, இரண்டு பிளஸ் ஒன்

செஞ்சிக் கோட்டையை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். திருவண்ணாமலை போகும்போது பஸ் ஜன்னல் வழியாக. இறங்கிப் பார்த்தீர்களா என்பது வேறு கேள்வி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி மட்டும்தான். சரி, இப்போதாவது ஒழுங்காகப் பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை போனேன். கோட்டையைவிட அங்கே சந்தித்த இரண்டு பிளஸ் ஒன் பிள்ளைகள்தான் மனசில் தங்கிவிட்டார்கள்.

முதல் பிள்ளை, சென்னையில் ஓர் இன்டர்நேஷனல் பள்ளியில் படிக்கும் பெண். கல்யாண மகால் பக்கத்தில் டேப் வைத்து எதையோ அளந்துகொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் மண் குழாய் பதித்து அந்த மாளிகைக்குத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். அது எப்படி ஏறியது என்பதுதான் அவள் கேள்வி. அதைப் பற்றி 4,000 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டுமாம்.

இரண்டாவது பிள்ளை உள்ளூர்ப் பையன். பாட்டி வாசலில் மோர் விற்கிறார். லீவு நாளில் பேரன் கூடமாட ஒத்தாசை. அந்தப் பெண் அவனிடம் பேச்சுக் கொடுத்தாள். எந்த மழைக்கு எந்தக் குளம் முதலில் நிரம்பும், மலையிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்கும், உடைந்த குழாய்த் துண்டுகள் எங்கே கிடக்கின்றன, வாய்க்கால் எந்த வழியாகப் போனதாகத் தாத்தா சொன்னார் என்று பையன் பொழிந்து தள்ளினான். அவள் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

'நீ என்ன படிக்கிறே?' என்று கேட்டேன்.

'பிளஸ் ஒன் சார்.'

'இதையெல்லாம் ஸ்கூல்ல எழுதியிருக்கியா?'

'இது போர்ஷன்லயே இல்ல சார். புக் பேக் கொஸ்டின் படிச்சாப் போதும்னுட்டாங்க.'

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல கேள்வி கேட்டாள், வெயிலில் அலைந்தாள். ஆனால் கணக்கைப் பாருங்கள். அவனுக்குத் தெரிந்த விஷயம் அவள் கட்டுரையில் ஏறி மார்க்காக மாறும். அவனுக்கு அதனால் அரை மார்க் கூடக் கிடையாது. கேட்கத் தெரிந்தவளுக்குப் பள்ளி இருக்கிறது. பதில் தெரிந்தவனுக்கு இல்லை.

அவள் படிப்பது ஐ.பி. டிப்ளமோ. 1968-ல் ஜெனீவாவில் பிறந்த பாடத்திட்டம். தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் மாதிரி நாடு விட்டு நாடு மாறிக்கொண்டே இருப்பவர்கள், எந்த ஊர் பல்கலைக்கழகத்திலும் சேர ஒரு பொதுவான பிளஸ் டூ வேண்டும் என்பதற்காக உருவானது. இந்தியாவில் முதன்முதலில் அது வந்தது டெல்லிக்கோ மும்பைக்கோ அல்ல, நம் கொடைக்கானலுக்கு! 1901-ல் தொடங்கிய கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி 1976-லேயே அதை எடுத்துக்கொண்டது. ஐம்பது வருஷத்தில் அது மலையை விட்டு இறங்கி சென்னை வரை வந்துவிட்டது. ஆனால் இறங்கியது ஏ.சி. காரில். வருஷத்துக்குப் பல லட்சம் கட்ட முடிந்தவர் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

அப்படி என்னதான் விற்கிறார்கள்? ஆறு பாடம், பாடத்துக்கு 7 மார்க். அதில் மூன்றை ஆழமாகப் படிக்க வேண்டும். அறிவியல் எடுத்தவனுக்கும் இலக்கியம் உண்டு. அதற்கு மேல் மூன்று விஷயங்கள் கட்டாயம். ஒன்று, அந்த 4,000 வார்த்தைக் கட்டுரை. இரண்டு, தியரி ஆஃப் நாலெட்ஜ்: நமக்குத் தெரியும் என்று நாம் சொல்வது எப்படி நமக்குத் தெரிந்தது என்று யோசிக்கிற வகுப்பு. மூன்று, கலை, விளையாட்டு, சமூக சேவை. மொத்தம் 45 மார்க். 24 வாங்கினால்தான் பாஸாக வாய்ப்பு. தாய்மொழியில் இலக்கியம் படிக்க விரும்பும் மாணவனுக்குப் பள்ளியில் அந்த மொழி ஆசிரியர் இல்லாவிட்டால், தானே படித்துப் பரீட்சை எழுதக்கூட அதில் வழி இருக்கிறது.

இதில் டாலர் கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு எது, சொல்லுங்கள்?

செஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேசிங்கு ராஜன் கதை கேட்காத தமிழர் குறைவு. 1714-ல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட வீரன். கதைப்பாடலில் அவன் நாயகன். நவாபின் பார்வையில் கப்பம் கட்ட மறுத்த கலகக்காரன். எதை நம்புவது, ஏன் நம்புவது? ஊருக்குப் பக்கத்திலேயே திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர்களும், 57 நாள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர்விட்ட ஒரு சமண ஆசிரியரைப் பற்றிய பழைய கல்வெட்டும் இருக்கின்றன. செஞ்சியிலிருந்து போன கல்தூண்கள் புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. அவை யாருடைய சொத்து? ஜெனீவாக்காரன் காசு கொடுத்தாலும் கிடைக்காத வகுப்பறை இது. நம் பையன் அதன் வாசலில் மோர் விற்கிறான்.

இப்போது நம் பிளஸ் ஒன் கதைக்கு வருவோம். பி.யு.சி.க்குப் பதிலாக 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. இரண்டு வருஷப் படிப்பு. மார்க் வியாபாரம் செய்த தனியார் பள்ளிகள் அதில் ஒரு வருஷத்தைத் திருடின. பிளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷமும் உருப்போட வைத்தன. பெற்றோர் புகார் செய்தார்களா? க்யூவில் நின்று ஃபீஸ் கட்டினார்கள். நீங்களும் நானும்தான்.

திருட்டைத் தடுக்க அரசு 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. பிள்ளைகளுக்கு அழுத்தம் என்று 2025-ல் அதை எடுத்துவிட்டது. வைத்ததற்கும் காரணம் இருந்தது, எடுத்ததற்கும் இருந்தது. ஆனால் வைத்தபோதும் எடுத்தபோதும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: பரீட்சை இல்லாத ஒரு வருஷத்தில் பதினாறு வயசுப் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? இதற்குப் பதில் இல்லையென்றால் அந்த வருஷத்தை மறுபடி திருடுவார்கள். இந்த முறை நீட், ஜே.இ.இ. கோச்சிங் என்ற பெயரில்.

உடனே சிலர், 'அரசுப் பள்ளிகளிலும் ஐ.பி.யைக் கொண்டுவாங்க' என்பார்கள். ஆந்திர அரசு 2024 ஜனவரியில் ஐ.பி. அமைப்போடு ஒப்பந்தமே போட்டது. அதே வருஷம் ஆட்சி மாறியது. திட்டமும் நகரவில்லை. இன்னொரு கோஷ்டி, 'அந்நிய சரக்கு, வேண்டவே வேண்டாம்' என்பார்கள். இரண்டு பேருமே ஒரே தப்பைச் செய்கிறார்கள். நல்ல கல்வி என்பது ஏதோ ஒரு கம்பெனி பிராண்டு என்று நினைக்கிறார்கள். பிராண்டு மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க வேண்டுமா? உங்கள் தெருமுனைக்கே போங்கள். சி.பி.எஸ்.இ. நடத்துகிற பள்ளி, போர்டில் 'இன்டர்நேஷனல்' என்று எழுதிவைத்திருக்கும்!

நான் கேட்பது சின்ன விஷயம். பிளஸ் ஒன்னில் ஒவ்வொரு மாணவனும் தன் ஊரைப் பற்றித் தானே ஒரு கேள்வி கேட்டு, தானே தேடி, தமிழில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். குளம், கோயில், மசூதி, கரும்பு ஆலை, சந்தை, எதுவானாலும் சரி. 4,000 வார்த்தை வேண்டாம், 1,500 போதும். பாடத்துக்குப் பத்து என்று அக மதிப்பீட்டு மார்க் ஏற்கெனவே இருக்கிறது. பல இடங்களில் அதைப் பிரசாதம் மாதிரி அள்ளிக் கொடுக்கிறார்கள். அதில் ஒரு பங்கை இதற்குக் கொடுங்கள்.

'வாத்தியாருக்கு நேரம் எங்கே சார்?' நியாயமான கேள்விதான். வகுப்பில் 40 பேர் என்றால் ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழு. குழுவுக்கு மூன்று மணி நேரம். வருஷத்துக்கு மொத்தம் 24 மணி நேரம். ரிவிஷன் டெஸ்ட்டுகளுக்கு இதைவிட அதிகம் செலவாகிறது. 'ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதிவிடுவார்களே?' செஞ்சிக் குளம் எந்த மழையில் நிரம்பும் என்று பாட்டியைக் கேட்டு எழுதியவனை, நேரில் உட்காரவைத்து நாலு கேள்வி கேளுங்கள். காப்பி அடித்தவன் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வான்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். வெளிநாட்டு ஒப்பந்தம் வேண்டாம். பிள்ளைக்குத் தெரிந்ததும் அறிவுதான் என்று பள்ளி ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அதுதான் கஷ்டமாக இருக்கிறது போலும்.

கிளம்பும்போது அந்தப் பையன் ஓடி வந்தான். 'சார், உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?'

'தெரியாதுப்பா. ஏன்?'

'எழுதி முடிச்சதும் எனக்கு ஒரு காப்பி தருவாங்களான்னு கேக்கலாம்னுதான் சார்.'