சபை வந்தது, வேலை எங்கே?

தோழர்களே, 1987இன் பிரதேச சபைகள் சட்டம் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட இடம் தரவில்லை; 2018இல்தான் திருத்தினார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா, அம்பகமுவ என்றிருந்த இரண்டு சபைகள், கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் சேர்ந்து ஆறாகியிருந்தன.

வேலை? குப்பை வண்டியில் ஏற நம் பிள்ளைகள், அதுவும் அமைய அடிப்படையில். கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நாம் படிப்பித்து உயர்தரம் தேறியவர்களோ கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள்.

புதிய அரச ஊழியர் இரண்டாம் அரச கரும மொழியை ஐந்து ஆண்டுக்குள் கற்கட்டும் என்றது 2007இன் 7ஆம் இலக்கச் சுற்றறிக்கை. அதுவரை தமிழில் எழுதிய மனுவை யார் வாசிப்பது?

முதல் நாளே தமிழ் தெரிந்தவர் கருமபீடத்தில் இருக்க வேண்டும். அமைய ஊழியருக்கு நிரந்தர நியமனத் திகதி எழுத்தில் வேண்டும். வெற்றிட அறிவித்தல் பிரட்டுக்களத்தில், தமிழில், விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னர் ஒட்டப்பட வேண்டும்.