மாவு அரையும் நேரத்தில் கம்ப்யூட்டர் பராமரிப்பு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஆன்ட்டி வைரஸ் எது நல்லது?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "வேகம் குறையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?" மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. "இது ஒரு நாள் திடீரென்று நின்றுவிட்டால், உள்ளே இருப்பதெல்லாம் என்ன ஆகும்?"

நானும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குக் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு, நேரமே இல்லாதவர்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

நான் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர். வீடு ஸ்ரீரங்கத்தில். வேலை நவல்பட்டு எல்காட் ஐ.டி. பூங்காவில். 1-ஆம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து மத்திய பஸ் நிலையம், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று போய்வரவே தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அலுவலகத்தில் என் வேலைகளில் ஒன்று, வாடிக்கையாளர்களின் தகவல்கள் ஒவ்வோர் இரவும் ஒழுங்காக நகல் எடுக்கப்பட்டனவா என்று காலையில் சரிபார்ப்பது. ஒரு நாள் நகல் தவறினால் எனக்குப் போன் வந்துவிடும்.

வீட்டில்? என் அக்காவின் கல்யாண வீடியோ, தாத்தா கடைசியாகக் கலந்துகொண்ட விசேஷம், அவர் குரலில் நான் பதிவு செய்து வைத்த பழைய கதைகள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே ஹார்டு டிஸ்க்கில். வேறெங்கும் நகல் கிடையாது.

பாலம் நின்றது, டிஸ்க்கும் நின்றது

திருச்சிக்காரர்களுக்கு 2022 நவம்பர் நன்றாக நினைவிருக்கும். 1976-இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தில் பராமரிப்பு வேலைக்காகப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2023 மார்ச்சில்தான் மறுபடி திறந்தார்கள். அதுவரை தேசிய நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். எனக்கு வீடு திரும்ப இன்னும் தாமதமாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் என் கம்ப்யூட்டரிலிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். "இந்த ஞாயிறு நகல் எடுத்துவிடலாம்" என்று நினைத்தேன். அந்த ஞாயிறு தூங்கிவிட்டேன். அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். பொங்கலுக்கு முந்தைய வாரம் ஹார்டு டிஸ்க் மொத்தமாக நின்றுவிட்டது.

சென்னையில் ஒரு இடத்தில் தகவல் மீட்பு செய்வதாகச் சொன்னார்கள். அனுப்பிப் பார்த்தோம். உள்ளே இருக்கும் தட்டே கீறிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாத்தா அதற்கு ஒன்றரை வருடம் முன்பே காலமாகிவிட்டிருந்தார். கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரு புகைப்படம் இருக்கிறது. குரல் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "நீ கம்ப்யூட்டர் வேலைதானே பார்க்கிறே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவ்வளவுதான்.

பாலத்தை யோசித்துப் பாருங்கள். நாலு மாதம் திட்டினோம். ஆனால் அது அறிவித்துவிட்டு, மாற்றுவழி சொல்லிவிட்டு, சரிசெய்வதற்காக நிறுத்தப்பட்டது. நாம் நேரம் ஒதுக்காவிட்டால் கம்ப்யூட்டர் தானே ஒரு நேரத்தை எடுத்துக்கொள்ளும். அது எந்த அறிவிப்பும் கொடுக்காது.

நேரம் எங்கே இருக்கிறது?

பக்கத்து வீட்டு அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. போன வருடம் புது லேப்டாப் வாங்கினார். இந்தக் கதையைச் சொல்லி, "வாரம் 15 நிமிடம் ஒதுக்குங்கள் அக்கா" என்றேன். "தம்பி, காலையில அஞ்சு மணிக்கு எழுந்தா ராத்திரி பத்து மணிக்குத்தான் உட்காரவே முடியுது. எனக்கு ஏது 15 நிமிஷம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பதிலையும் அவரே கண்டுபிடித்தார். ஞாயிறு காலை கிரைண்டரில் இட்லி மாவு அரையும் நேரம்! அரிசியைப் போட்டுவிட்டால் அரை மணி நேரம் வீட்டை விட்டு நகர முடியாது. அவ்வப்போது தள்ளிவிட வேண்டும். மற்றபடி கை சும்மாதான் இருக்கும். எங்கள் வீட்டிலும் இப்போது அதே முறைதான். ஒரு வாரம் நான் மாவு, அம்மா கம்ப்யூட்டர். அடுத்த வாரம் மாற்றிக்கொள்வோம்.

என் கருத்து இதுதான். கம்ப்யூட்டர் பற்றி நூறு டிப்ஸ் படிக்கிறோம், மறந்துவிடுகிறோம். நாலே நாலு வேலையை, ஏற்கெனவே வாராவாரம் தவறாமல் நடக்கும் ஒரு வீட்டு வேலையோடு சேர்த்துவிட்டால் மறக்காது. வாரம் 15 நிமிடம் என்றால் வருடத்துக்கு 13 மணி நேரம். ஒரு முறை கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், விட்டுவிட்டு வந்து, மறுபடி போய் எடுத்துவந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்ஸ்டால் செய்தால் அந்த நேரம் சரியாகப் போய்விடும்.

வேலை 1: நகல் (5 நிமிடம்)

ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். யு.எஸ்.பி. போர்ட்டில் சொருகி, படங்கள், வீடியோக்கள் இருக்கும் ஃபோல்டரைக் காப்பி செய்து அதில் பேஸ்ட் செய்யுங்கள். ஏற்கெனவே இருக்கும் படங்களைப் பற்றி விண்டோஸ் கேட்டால் 'ஸ்கிப்' கொடுங்கள். புதியவை மட்டும் ஏறும். முதல் தடவை பல மணி நேரம் ஆகலாம். அதை இரவில் ஓடவிடுங்கள். பிறகு வாராவாரம் சில நிமிடங்கள்தான்.

அடிக்கடி திருத்தும் ஃபைல்களுக்கு, அதாவது கணக்கு, மதிப்பெண் பட்டியல், கடிதம் போன்றவற்றுக்கு, அந்தந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியைப் பெயராக வைத்து ஒரு புது ஃபோல்டர் போட்டு முழுவதையும் காப்பி செய்யுங்கள். கடைசி நாலு வாரத்தை வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடலாம். போன வாரம் தவறாக மாற்றிய கணக்கைக்கூடத் திரும்ப எடுக்கலாம்.

முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். எப்போதும் சொருகியே வைக்காதீர்கள். 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களில் இருந்த ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அந்த மாதிரி வைரஸ் வந்தால், இணைத்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். பீரோவில் இருப்பதைத் தொட முடியாது.

இந்தத் துறையில் '3-2-1' என்று ஒரு விதி உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். ஸ்ரீரங்கத்தில் நாம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரு தீவில் இருக்கிறோம். அதனால் நான் இதை வேறு மாதிரி சொல்வேன்: ஒரு பிரதி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கட்டும். என்னுடைய பென் டிரைவ் ஒன்று தில்லை நகரில் அக்கா வீட்டில் இருக்கிறது. அவர்களுடையது எங்கள் பீரோவில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டரும் நகலும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

"எல்லாம்தான் கிளவுடில் இருக்கிறதே?"

என்னிடம் அடிக்கடி சொல்லப்படும் பதில் இது. கிளவுட் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜி.பி. 2021 ஜூன் முதல் புகைப்படங்களும் அந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. ஜிமெயிலும் அதே 15 ஜி.பி.க்குள்தான். நிரம்பியதும் புதுப் படங்கள் ஏறாமல் நின்றுவிடும், நீங்கள் கவனிக்க மாட்டீர்கள். இரண்டாவது, இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை நீக்கிவிடலாம் என்பது கூகுளின் விதி. மூன்றாவதுதான் முக்கியம். போனில் ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் அது அழிந்துவிடும். குப்பைத்தொட்டியில் சில வாரங்கள் இருக்கும், அப்புறம் போய்விடும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருப்பது வேறு, நகல் எடுத்து வைப்பது வேறு.

வேலை 2: அப்டேட் (3 நிமிடம்)

செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' பகுதிக்குப் போய் சரிபார்க்கச் சொல்லுங்கள். "ரீஸ்டார்ட்" கேட்டால் அப்போதே கொடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை அவசரமாகப் பிரின்ட் எடுக்கும்போது அது ரீஸ்டார்ட் ஆனால் தப்பு கம்ப்யூட்டர் மேல் இல்லை.

பழைய கம்ப்யூட்டரை வாங்கியிருப்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வாங்கும் முன்பே அந்த மெஷின் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று கேளுங்கள். அந்த முதல் கேள்விக்கும் இங்கேயே பதில்: விண்டோஸோடு வரும் டிஃபெண்டர், அப்டேட் ஒழுங்காக இருந்தால், சாதாரண வீட்டு உபயோகத்துக்குப் போதும் என்பது என் கருத்து.

வேலை 3: வேண்டாததை நிறுத்து (3 நிமிடம்)

கம்ப்யூட்டர் ஆன் ஆகவே தாமதமாகிறதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், ஆன் ஆகும்போதே தாமாக ஓட ஆரம்பிக்கும் புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். தினமும் பயன்படுத்தாததை 'டிஸேபிள்' செய்யுங்கள். அழிந்துவிடாது, நீங்கள் கூப்பிடும்போது மட்டும் வரும். பெயர் புரியாததைத் தொட வேண்டாம்.

வேலை 4: தூசி, வயர் (4 நிமிடம்)

ஆடிக் காற்றில் ஆற்று மணல் எங்கள் வீட்டு நடைவரை வரும். கம்ப்யூட்டருக்குள் வராதா? வாராவாரம் காற்றுத் துளைகளை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தாலே போதும். டெஸ்க்டாப் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பவரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, திண்ணைக்குக் கொண்டுபோய் பக்கவாட்டு மூடியைத் திறந்து தூசி தட்டுங்கள். ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது.

பழைய கல்யாணப் பத்திரிகையைச் சிறு துண்டுகளாக வெட்டி, 'மோடம்', 'மானிட்டர்', 'பிரின்டர்' என்று எழுதி வயர்களில் நூலால் கட்டிவிடுங்கள். எதைப் பிடுங்கினோம் என்ற குழப்பம் அதோடு போச்சு.

நாமே செய்யக் கூடாதவையும் உண்டு. டெஸ்க்டாப்பில் மின்சாரம் வரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் உடனே நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் 'டிக், டிக்' சத்தம் வந்தால் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே நகல். இதை அனுபவப்பட்டவன் சொல்கிறேன்.

இரண்டு மாதம் முன்பு ஒரு வியாழக்கிழமை இரவு பக்கத்து வீட்டு அக்காவின் லேப்டாப்பில் காபி கொட்டிவிட்டது. கடைக்குப் போன லேப்டாப் திரும்ப உயிர் பெறவில்லை. அதில் நாற்பது பிள்ளைகளின் மதிப்பெண், மகனின் முதல் வருடப் படங்கள் எல்லாம் இருந்தன. நான் பதறிப்போய் ஓடினேன். அவர் பீரோவிலிருந்து டிஸ்க்கை எடுத்து, என் லேப்டாப்பில் சொருகச் சொன்னார். ஞாயிறு வரைக்கும் எல்லாம் இருந்தது. போனது நாலு நாள் வேலை மட்டும். "அதை வெள்ளிக்கிழமையே மறுபடி போட்டுடுவேன் தம்பி" என்றார்.

உங்கள் வீட்டில் கிரைண்டர் என்றைக்கு ஓடும்? அன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். முதல் வாரம் நாலு வேலையும் முடியாவிட்டால் பரவாயில்லை. முதல் வேலையை மட்டுமாவது செய்துவிடுங்கள்.