புதுக் கப்பல் எப்போது புறப்படும்?



எங்கள் சின்னமனூரில், நான் குடியிருக்கும் தெருவில் ஒருவர் வீடு கட்டினார். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் புதுமனை புகுவிழா என்று நாள் குறித்துப் பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. “முடிஞ்சிருமா கொத்தனாரே?” என்று அவர் கேட்கும்போதெல்லாம், “முடிச்சிரலாம்ண்ணே, கவலைப்படாதீங்க” என்ற பதிலே வந்தது. அந்த நேரம் பார்த்துக் குழாய் வேலை செய்பவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒரு வாரம் வரவில்லை. குளியலறையில் குழாய் பதிக்காமல் தரைக்குக் கல் ஒட்ட முடியாது. தரை மட்டம் தெரியாமல் ஆசாரி கதவை அளவாக இழைத்து மாட்ட முடியாது. கதவில்லாத வீட்டில் பால் காய்ச்சுவது எப்படி? ஆனி போயிற்று. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். விழா ஆவணியில்தான் நடந்தது. ஒரு வாரக் காய்ச்சலால் ஒன்றரை மாதத் தாமதம்!

நான்கு அறை கொண்ட ஒரு வீட்டுக்கே இந்தக் கதி என்றால், ஆறாயிரம் பேர் தங்கும் மிதக்கும் ஊர் ஒன்றைக் கட்டுகிறவர்களின் பாடு என்ன? கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மலை தாண்டிப் போக வேண்டிய ஊர் எங்களுடையது. ஆனாலும் ஒரு கப்பலின் கதையை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அது கப்பலைப் பற்றிய கதை மட்டுமல்ல.

ஜெர்மனியில் விஸ்மார் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே எம்.வி. வெர்ஃப்டன் என்ற நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் ஒரு மாபெரும் உல்லாசக் கப்பலைக் கட்டத் தொடங்கியது. பெயர் ‘குளோபல் டிரீம்’. நீளம் 342 மீட்டர். அதாவது, நூறு மீட்டர் ஓட்டப் பந்தயத் தடங்கள் மூன்றை வரிசையாக வைத்தாலும் இன்னும் 42 மீட்டர் மிஞ்சும். அதிக அளவாக 9,500 பயணிகளை ஏற்றலாம் என்று கணக்கிட்டார்கள். கப்பலின் நடுப்பகுதியை ராஸ்டாக் நகரில் கட்டி, கடல் வழியே விஸ்மாருக்கு இழுத்து வந்து மற்றப் பகுதிகளோடு இணைத்தார்கள். 2021-இல் பயணம் தொடங்க வேண்டும் என்பது திட்டம்.

2020-இல் கொரோனா வந்தது. உலகெங்கும் உல்லாசக் கப்பல்கள் நின்றன. கப்பலுக்குச் சொந்தமான கெந்திங் ஹாங்காங் நிறுவனத்துக்கு வருமானம் இல்லை. 2022 ஜனவரியில் கட்டும் நிறுவனமே திவாலாயிற்று. முக்கால் பங்கு வேலை முடிந்த கப்பல் கூடத்துக்குள் அநாதையாக நின்றது. அதை உடைத்து இரும்பு விலைக்கு விற்றுவிடுவார்களோ என்ற பேச்சுக்கூட எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் டிஸ்னி நிறுவனம் கப்பலை வாங்கிக்கொண்டது. மேயர் வெர்ஃப்ட் என்ற கப்பல் கட்டும் நிறுவனம் மிச்ச வேலையை ஏற்றது. பயணிகள் எண்ணிக்கையை ஏறத்தாழ 6,700 ஆகக் குறைத்து, உள்ளமைப்பை மாற்றி, ‘டிஸ்னி அட்வென்ச்சர்’ என்று பெயரும் மாற்றினார்கள். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் சிங்கப்பூரே அதன் சொந்தத் துறைமுகம் என்று அறிவித்தார்கள். முதல் பயணத்துக்கு 2025 டிசம்பர் 15 என்று நாள் குறித்தார்கள். பிறகு அதையும் 2026 மார்ச் 10-க்குத் தள்ளிவைத்தார்கள்.

“இவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கு ஒரு தேதியைச் சரியாகச் சொல்லத் தெரியாதா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடை காண ஒரு சிறு கணக்குப் போடுவோமா?

ஒரு கப்பலில் ஒன்றையொன்று சாராத பத்து வேலைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் குறித்த நாளில் முடிய நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு உண்டு. தொண்ணூறு மதிப்பெண் என்றால் நல்ல மாணவன்தானே! ஆனால் பத்தும் சேர்ந்து குறித்த நாளில் முடிய வாய்ப்பு எவ்வளவு? 0.9 என்ற எண்ணைப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 0.35 வரும். நூற்றுக்கு முப்பத்தைந்துதான்! பத்துப் பேரும் கெட்டிக்காரர்களாக இருந்தும், கப்பல் தாமதமாகவே வாய்ப்பு அதிகம். உண்மையான கப்பலில் வேலைகள் பத்தல்ல, பல்லாயிரம்.

எல்லா வேலைகளின் தாமதமும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். எங்கள் தெரு வீட்டில் வண்ணம் பூசுகிறவர் ஒரு வாரம் பிந்தியிருந்தால் விழா நின்றிருக்காது. குழாய், தரை, கதவு என்ற வரிசையில் ஒன்று பிந்தியதால் எல்லாம் பிந்தின. ஒன்றன் பின் ஒன்றாகவே செய்யக்கூடிய வேலைகளின் மிக நீண்ட வரிசை எதுவோ, அதுவே முழு வேலையின் காலத்தை முடிவு செய்கிறது. பொறியியலார் இதை ‘நெருக்கடிப் பாதை’ என்கிறார்கள்.

1958-இல் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பெர்ட்’ என்ற திட்டமிடும் முறையை உருவாக்கியது. அதன் சூத்திரம் எளியது. ஒரு வேலைக்கு ஒரு காலம் சொல்லாதே, மூன்று காலம் சொல் என்கிறது அது. எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை வாரம், வழக்கமாக எத்தனை வாரம், எல்லாம் கெட்டால் எத்தனை வாரம்? நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். ஒரு வேலைக்கு 4, 6, 14 வாரங்கள் என்று வைத்துக்கொண்டால், 4 + 24 + 14 = 42; ஆறால் வகுத்தால் 7. ‘வழக்கமாக ஆறு வாரம்’ என்று சொல்லப்படும் வேலைக்குச் சராசரியாக ஏழு வாரம் எதிர்பார்க்க வேண்டும் என்று பொருள். ஏன் அப்படி? ஒரு வேலை சீக்கிரம் முடிவதற்கு ஓர் எல்லை உண்டு. தாமதமாவதற்கு எல்லை கிடையாது!

அப்படியானால் அவசரப்படுத்தினால் என்ன? அவசரத்தின் விலையை ஸ்வீடன் நாட்டு ‘வாசா’ போர்க்கப்பல் சொல்கிறது. மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் கப்பல் விரைவில் வேண்டும் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். புறப்படுவதற்கு முன் ஒரு சோதனை நடந்தது. முப்பது பேர் கப்பலின் மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆடியது. கவிழ்ந்துவிடும் என்று அஞ்சிச் சோதனையை நிறுத்தினார்கள். ஆனால் பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்டு 10-ஆம் நாள் புறப்பட்ட வாசா, ஏறத்தாழ 1,300 மீட்டர் போவதற்குள், வீசிய காற்றில் சாய்ந்து மூழ்கியது. மேற்பகுதியின் எடை அதிகம். ஈர்ப்பு மையம் மிக உயரத்தில் இருந்தது. 333 ஆண்டுகளுக்குப் பிறகு, 1961-இல்தான் அதை வெளியே எடுத்தார்கள்.

இன்று கப்பலின் மேல்தளத்தில் எடை தெரிந்த பாரங்களை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகர்த்தி, கப்பல் எவ்வளவு சாய்கிறது என்று ஊசல் கட்டி அளக்கிறார்கள். அதிலிருந்து ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடுகிறார்கள். கடலில் ஓட்டி, திருப்பி, திடீரென நிறுத்திப் பார்க்கிறார்கள். இந்தச் சோதனைகளில் குறை தெரிந்து கப்பல் பிந்தினால், அதைத் தாமதம் என்று நான் சொல்ல மாட்டேன். அது உயிர்களுக்குக் கொடுக்கும் மரியாதை.

எங்களுக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கம்பம், குமுளி வழியாக மலையேறி அந்தப் பக்கம் இறங்கிப் போனால் கொச்சி. அங்குள்ள கப்பல் கட்டும் தளத்தில்தான் ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பல் உருவாயிற்று. 262 மீட்டர் நீளம், உள்ளே ஏறத்தாழ 2,300 அறைகள், 2,500 கிலோமீட்டர் மின்வடம்! 2002-இல் அனுமதி கிடைத்தபோது 2010-இல் முடிப்பதாகச் சொன்னார்கள். மதிப்பீடு 3,261 கோடி ரூபாய். கடற்படையில் அது சேர்ந்ததோ 2022 செப்டம்பர் 2-ஆம் நாள். இடையில் 2014-இல் மதிப்பீட்டை 19,341 கோடியாகத் திருத்த வேண்டியிருந்தது.

ஏன் இந்தத் தாமதம்? ரஷ்யாவிலிருந்து வரவேண்டிய சிறப்பு எஃகு வரவில்லை. ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் இந்திய எஃகு ஆணையமும் சேர்ந்து அந்த எஃகை இங்கேயே உருவாக்கின. விசையாழியின் ஆற்றலைச் சுழல் விசிறிக்குக் கொண்டு செல்லும் கியர் பெட்டிகளும் பிந்தின. காலம் போயிற்று, பணமும் போயிற்று. ஆனால் போர்க்கப்பலுக்கான எஃகை நாமே வார்க்கும் திறமை வந்தது. அந்த எஃகில் பிறகு வேறு போர்க்கப்பல்களும் கட்டப்பட்டன. கற்றுக்கொண்டே செய்கிறவன் பிந்துவான். முதல் தடவை தோசை சுடும்போது உங்களுக்கு மட்டும் என்னவாம்!

அப்படியென்றால் எல்லாத் தாமதத்தையும் மன்னித்துவிடலாமா? இல்லை. இங்கேதான் என் கருத்தை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தாமதம் குற்றமல்ல. தெரிந்த தாமதத்தை மறைப்பதும், நிச்சயமில்லாததை நிச்சயம் போலச் சொல்வதுமே குற்றம்.

ஸ்காட்லாந்தில் ‘கிளென் சானக்ஸ்’ என்ற பயணிகள் கப்பலை 2017 நவம்பரில் கோலாகலமாக நீரில் இறக்கினார்கள். சன்னல் இருக்கவேண்டிய இடங்களில் கண்ணாடி இல்லை. கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள்! அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். நடுவில் ஏழாண்டுகள் அந்தத் தீவுகளின் மக்கள் பழைய கப்பல்களையே நம்பி இருந்தார்கள். வண்ணம் பூசிய சன்னல் வழியாக யாரும் வெளியே பார்க்க முடியாது. வண்ணம் பூசிய தேதியும் அப்படித்தான்.

காத்திருப்பவர்களின் வலி எங்கள் மாவட்டத்துக்குத் தெரியாததல்ல. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் பாதையை அகலப்படுத்துவதற்காக 2010 இறுதியில் மூடினார்கள். 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூன் மாதம் போடி வரையும் ரயில் வந்தது. 2011 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு போடிப் பிள்ளை, பிளஸ் டூ முடித்த பிறகுதான் தன் ஊர் நிலையத்தில் ரயிலைப் பார்த்தது. “எப்போது வரும்?” என்று கேட்டவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் காரணத்தோடு ஒரு நேர்மையான கணக்கைச் சொல்லியிருந்தால், பள்ளிப் பருவம் முழுவதும் அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று எண்ணிக்கொண்டிருந்திருக்காது.

தாமதத்தின் சுமை எப்போதும் மேலே உள்ளவர்கள் தலையில் விழுவதில்லை என்பதையும் மறக்காதீர்கள். விஸ்மாரில் நிறுவனம் திவாலானபோது அதன் தளங்களில் இருந்த சுமார் இரண்டாயிரம் தொழிலாளர்களின் வேலை கேள்விக்குறியாயிற்று. அவர்கள் பற்றவைத்த கப்பல் கண்முன் நிற்கிறது; அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியவில்லை. எனவே திட்டம் போடுகிறவர்கள், தேதி தவறினால் யார் பட்டினி கிடப்பார்கள் என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும்.

“இரண்டு தேதி சொன்னால் யார் பயணச் சீட்டு வாங்குவார்கள்?” என்று சிலர் கேட்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்துக்கு வாருங்கள். கவாத்து செய்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் வெட்டலாம் என்பது விவசாயிக்குத் தெரியும். வியாபாரி வந்து கேட்டால், “வெயில் அடிச்சா இந்தத் தேதி, மழை பிடிச்சா பத்து நாள் பிந்தும்” என்பார். வியாபாரி ஓடிப்போவதில்லை. இரண்டுக்கும் தயாராக லாரிக்குச் சொல்லி வைக்கிறார். படிக்காதவர் என்று நாம் நினைக்கும் விவசாயி பெர்ட் முறையைத்தான் பேசுகிறார்! கோடிகள் புரளும் நிறுவனங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் மட்டும் இது ஏன் முடியாது?

நண்பர்களே, நாளை உங்களில் சிலர் பொறியாளர் ஆவீர்கள், பாலம் கட்டுவீர்கள், யார் கண்டது, கப்பலும் கட்டலாம். அதற்கு முன் ஒரு பயிற்சி. அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் செய்யும் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைகளைப் பட்டியல் போடுங்கள். எது முடிந்தால் எது தொடங்கும் என்று அம்புக்குறி இடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று காலம் எழுதி, ஆறால் வகுத்துக் கூட்டுங்கள். ஆசிரியர் “எப்போது முடிப்பாய்?” என்று கேட்டால், “வெள்ளிக்கிழமை முடிக்கப் பார்க்கிறேன் ஐயா, பசை காயாவிட்டால் திங்கட்கிழமை ஆகும்” என்று சொல்லிப் பாருங்கள்.

“முடிச்சிரலாம்ண்ணே” என்று சொல்வதைவிட அது கடினம். ஆனால் அதைக் கேட்கிறவர் ஏமாற மாட்டார்.