தீவுக்குக் கிளம்பும் முன்

வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துப் பையன்கள் மாலத்தீவு ரிசார்ட் வேலையை விசாரித்தால், உள்ளூரில் பட்டாசு இருக்க எதற்கு இந்த அலைச்சல் என்று யாரும் தடுக்க வேண்டாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்தது தொழிலை உலுக்கிவிட்டது. பட்டாசு ஆலையின் மருந்து அறையில் சின்ன உராய்வு என்ன செய்யும் என்பதும் ஊரறிந்ததுதான். தாராளமாகப் போகட்டும். ஆனால் ஏஜென்ட் பேச்சை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது. இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயமான நாடுகளின் பட்டியலில் மாலத்தீவு இல்லை; அதனால் கிளம்பும்போது அந்தச் சரிபார்ப்பும் இல்லை. சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்பிவிட்டால், மாலேயில் இறங்கியபின் வேலை அனுமதியும் இல்லை, கேட்க நாதியும் இல்லை.

பணி ஆணையில் அடிப்படைச் சம்பளத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது சர்வீஸ் சார்ஜ் பற்றிய வாசகம். விருந்தினர் பில்லில் குறைந்தது 10 சதவீதம் வசூலித்து ஊழியர்களுக்குப் பங்கிட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். பாத்திரம் கழுவுகிறவருக்கும் அதில் பங்கு உண்டு. டிசம்பரில் விருந்தினர் கூட்டத்தோடு கூடும், மழை மாதங்களில் குறையும். வீட்டுக்கு அனுப்பும் பணத்தை அந்தக் குறைந்த மாதக் கணக்கில் போடுங்கள். ஏஜென்ட்டையே நம்பியிருக்கத் தேவையில்லை; வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கத் தமிழக அரசுக்கே 1978 முதல் ஒரு நிறுவனம் இருக்கிறது. அது சிவகாசியில் வந்து உட்கார்ந்து, ரிசார்ட் வேலைக்கென்றே முகாம் நடத்த வேண்டும்; தீபாவளி முடிந்து ஆலைகள் ஓய்ந்திருக்கும் வாரங்களிலேயே நடத்த வேண்டும்.