பிரம்புக்கு யார் கொடுத்த உரிமை?

2023 நவம்பரில் கல்முனையிலுள்ள சிறுவர் நன்னடத்தை நிலையத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அடித்த சந்தேகத்தின்பேரில் அங்கு பணியாற்றிய மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். குற்றம் எவருடையது என்பதை நீதிமன்றம் தீர்க்கும். அதில் நாம் தலையிடோம். நாம் கேட்பது வேறு. பூட்டிய கதவுக்குள் இருக்கும் பிள்ளையைத் தண்டிக்கலாம் என்னும் எண்ணம் ஓர் உத்தியோகத்தருக்கு எங்கிருந்து வருகிறது?

வானத்திலிருந்து அன்று, சட்டப் புத்தகத்திலிருந்து. 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் 71 ஆம் பிரிவு, பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவோரைத் தண்டிப்பதற்கென எழுந்தது. அதன் வாலிலோ ஓர் உட்பிரிவு: பெற்றோர், ஆசிரியர், சட்டப்படி பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருக்கும் வேறெவர் ஆயினும், அவர் தண்டிக்கும் உரிமையை இப்பிரிவு பாதியாது!

பெற்ற தாயையும் சம்பளத்துக்குச் சாவி வைத்திருப்பவரையும் ஒரே வரியில் நிறுத்திய விந்தையை என்னென்பது? தாய் அடித்தால் பிள்ளை அம்மம்மாவின் பின்னால் ஓடி ஒளியும். அயலவர் வந்து தடுப்பர். அன்றிரவு சோறு பிசைந்து கொடுப்பவளும் அவளே. நிலையத்திலிருந்து ஓடினால் பொலிசார் பிடித்து வருவர்.

இவ்வரி நம்மவர் சிந்தையில் பிறந்ததுமன்று. இங்கிலாந்தின் 1933 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டது. இங்கிலாந்து 2004 இல் அதனை நீக்கிற்று. இங்கே, 2005 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றம் கசையடி விதிப்பதை ஒழித்தது. 71 ஆம் பிரிவின் வாலைத் தொடவில்லை. சாட்சியம் கேட்டுத் தீர்ப்பெழுதும் நீதவானுக்கு இல்லாத அதிகாரம், எதையும் விசாரியாத காவலருக்கு மிஞ்சிற்று.

“முரட்டுப் பிள்ளைகளை வேறெப்படி அடக்குவது?” என்பர். சுதந்திரம் இழந்த சிறுவருக்கென ஐக்கிய நாடுகள் சபை 1990 இல் ஏற்ற விதிகள் இதற்கு விடை கூறியுள்ளன. பிள்ளை தன்னையோ பிறரையோ காயப்படுத்த முனைந்தால், வேறு வழியனைத்தும் தோற்றபின், மிகக் குறுகிய நேரத்துக்கு உத்தியோகத்தர் தடுத்துப் பிடிக்கலாம். அடிக்கலாகாது, இருட்டறையில் அடைக்கலாகாது, உணவைக் குறைக்கலாகாது. தடுத்தல் வேறு, தண்டித்தல் வேறு. இந்த எல்லையை வரையாமல் விடுவது அங்கே பணிபுரியும் ஏழைச் சிற்றூழியருக்கும் பாதுகாப்பன்று. விபரீதம் நேர்ந்தால் கூண்டில் ஏறுபவர் அவரே.

இந்நிலையங்களுக்குப் பெரும்பாலும் எவர் பிள்ளைகள் போகின்றனர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பழுகாமத்துக் கூலித் தகப்பன் மகனைப் பார்க்க வேண்டுமானால் பட்டிருப்புப் பாலம் கடந்து, களுவாஞ்சிகுடிக்குப் போய், அங்கிருந்து கல்முனைக்கு பஸ் ஏற வேண்டும். ஒருநாட் கூலி போயிற்று. அவன் போகாத நாட்களில் பிள்ளையின் முதுகை யார் பார்ப்பார்?

அந்த வரியில் ஆசிரியர்களாகிய நமக்கும் இடம் தரப்பட்டிருந்தது. ஆசிரியர் ஒருவரிடம் அறை வாங்கிச் செவி பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில், அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னும் பிரம்பின்றி வகுப்பு நடவாது என்று வாதிடுவோர் நம் தொழிலில் உளர். நிலையத்துக் காவலர் சொல்வதும் அதே வாதந்தான். வேறு ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே, அவ்வுரிமை எமக்கு வேண்டாமென்று ஆசிரியர் சங்கங்களே முதலில் எழுத்தில் அறிவிக்கட்டும். உத்தியோகத்தர் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது, முறையிடுவதாயின் நிலையத்துக்கு வெளியே எவரிடம் முறையிடுவது என்பன ஒவ்வொரு நிலையத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் சுவரில் எழுதப்படட்டும். பிள்ளைகள் வாசிக்கக்கூடிய உயரத்தில்.