அடுத்து எங்கேன்னு சொல்லாத டிசி

பி.காம். படிக்கிறவனுக்கு ஏபிஐ பத்தி என்ன பேச்சுன்னு நம்ம கிளாஸ் பசங்க இந்நேரம் சிரிக்க ஆரம்பிச்சிருப்பீங்க. சிரிங்க, ஆனா முழுசா படிச்சிட்டுச் சிரிங்க. இது கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்க சமாச்சாரம் மட்டும் இல்ல. நம்மூர் பனியன் கம்பெனிக்காரங்க காசு சமாச்சாரம்.

மொதல்ல ஒரு சோகக் கதை.

எங்க பெரியப்பாவுக்குச் சின்னதா ஒரு கம்பெனி. காலேஜ் விட்டதும் அங்க போய் பில் போட்டுக் கொடுக்கறது என் வேலை. ஒரு தடவை நாக்பூருக்கு வாடகை வண்டியில சரக்கு அனுப்பினோம். இ-வே பில் அன்னிக்கு ராத்திரி 12 மணியோட முடியுது. மத்தியானம் ரெண்டரைக்கு டிரைவர் போன்: "கிளட்ச் போயிருச்சுங்க தம்பி, இன்னிக்கு வண்டி நகராதுங்க."

உடனே எங்க சாஃப்ட்வேர்ல 'நீட்டிப்பு' பட்டனை அமுக்கினேன். மூணு இலக்கத்துல ஒரு எண் வந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல. சாஃப்ட்வேர் கொடுத்தவங்களுக்குப் போன் போட்டா, "சர்வர் பிஸியா இருக்குமுங்க, காலையில போட்டுப் பாருங்க"ன்னாங்க. மறுநாள் 10 மணிக்குப் போட்டேன். இந்தத் தடவை வேற ஒரு எண்!

விஷயம் இதுதான். இ-வே பில்லை நீட்டிக்கணும்னா அது முடியற நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னாடியிலிருந்து 8 மணி நேரம் பின்னாடி வரைக்கும்தான் முடியும். அதாவது சாயங்காலம் 4 மணியிலிருந்து மறுநாள் காலை 8 மணி வரை. நான் மொத தடவை ஒன்றரை மணி நேரம் சீக்கிரம், ரெண்டாவது தடவை ரெண்டு மணி நேரம் லேட். நடுவுல 16 மணி நேரம் கதவு திறந்தே கிடந்திருக்கு. எனக்கு யாரும் சொல்லல. ஆடிட்டரைப் பிடிச்சு, வழி கேட்டு, சரி பண்ணறதுக்குள்ள ரெண்டு நாள் போச்சு. லேட்டுன்னு பார்ட்டி பில்லுல பிடிச்சுக்கிட்டான். செல்லாத பில்லோட வண்டி ரோட்டுல மாட்டியிருந்தா ஜிஎஸ்டி சட்டம் 129ஆம் பிரிவு. வரியில 200 சதவீதம் அபராதம் வரைக்கும் போகும்.

தப்பு என்னுதுதான், விதி தெரிஞ்சிருக்கணும். ஒத்துக்கறேன். ஆனா என் கேள்வி வேற. விதி தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரே, சர்வர்! 'இப்ப முடியாது'ன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்ச மெஷினுக்கு, 'சாயங்காலம் 4 மணிக்கு வா'ன்னு சொல்ல ஏன் தெரியாது?

இப்ப நம்மூர் பாஷையில ஏபிஐ பாடம். நிட்டிங்ல இருந்து சாயப்பட்டறைக்குத் துணி போகும்போது கூடவே டிசி போகும். லாட் நம்பர், டயா, ஜிஎஸ்எம், எத்தனை ரோல், எத்தனை கிலோ, என்ன கலர், எல்லாம் இருக்கும். வேலை தெரிஞ்ச மெர்ச்சண்டைசரா இருந்தா கீழ ஒரு வரி சேர்த்து எழுதுவார்: 'சாயம் முடிஞ்சதும் இன்ன இடத்துக் காம்பாக்டிங்குக்கு அனுப்பவும்'. அந்த வரி இல்லேன்னா சாயப்பட்டறைக்காரர் என்ன செய்வார்? போன தடவை எங்க அனுப்பினாரோ அங்கேயே அனுப்புவார். இந்தத் தடவை யூனிட் மாறியிருந்தா துணி ஊர் சுத்தும்.

ரெண்டு சாஃப்ட்வேர் பேசிக்கறதுக்கான வாசல்தான் ஏபிஐ. கேள்வி கேட்டா பதில் வரும். பெரும்பாலான பதில்கள் அந்தக் கடைசி வரி இல்லாத டிசி மாதிரிதான் இருக்கு. கேட்ட தகவல் வரும், அடுத்து என்ன செய்யலாம்னு வராது. அதை எழுதிவிடறதுக்குப் பேர்தான் ஹைப்பர்மீடியா லிங்க். நாம தினமும் பார்க்கற வெப் பக்கம் மாதிரியேதான். ரயில் டிக்கெட் போடும்போது அடுத்த பக்கத்தோட முகவரியை யாராவது மனப்பாடம் பண்றோமா? பக்கமே பட்டனைக் காட்டுது, அமுக்கறோம். மனுஷனுக்கு அந்தச் சலுகை உண்டு, மெஷினுக்கு மட்டும் கிடையாதாம்.

இது என் கண்டுபிடிப்பு இல்ல. எச்டிடிபி 1.1 விதிகளை எழுதினவங்கள்ல ஒருத்தரான ராய் ஃபீல்டிங், 2000ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இர்வைன்ல கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டுலதான் 'ரெஸ்ட்'ங்கற வடிவத்தைச் சொன்னார். பதில்லயே அடுத்த வழி இருக்கணும்ங்கறது அதோட நிபந்தனைகள்ல ஒண்ணு. உலகம் 'ரெஸ்ட்'ங்கற பேரை எடுத்துக்கிட்டு இந்த நிபந்தனையைத் தூக்கிப் போட்டுடுச்சு. 2008ல அவரே வெறுத்துப் போய், லிங்க் இல்லாததை எல்லாம் ரெஸ்ட்னு சொல்லாதீங்கன்னு எழுதினார். யார் கேட்டா? :-)

நம்ம இ-வே பில் ஏபிஐக்கு வருவோம். பில் போட, வண்டி நம்பர் மாத்த, ரத்து பண்ண, எல்லாம் ஒரே முகவரிக்குப் போகும். என்ன வேலைங்கறதை ஒரு குறிச்சொல் வெச்சுச் சொல்லணும். பில் போட்டா பில் எண், தேதி, எதுவரைக்கும் செல்லும்னு பதில் வரும். அடுத்து என்னங்கறது கையேட்டுல. அந்தப் பதில் இப்படி இருந்தா எப்படி இருக்கும்?

பில் எண் இது. இந்த நாள் ராத்திரி 12 வரை செல்லும். இப்போது செய்யக்கூடியவை:
– வண்டி நம்பர் மாற்ற: இந்த முகவரி
– ரத்து செய்ய: இந்த முகவரி, நாளை காலை 10.20 வரை
– நீட்டிக்க: இன்னும் திறக்கவில்லை, கடைசி நாள் சாயங்காலம் 4 மணிக்குத் திறக்கும்

24 மணி நேரம் தாண்டினா 'ரத்து செய்ய' வரி தானா மறைஞ்சுடும். நடுவழியில அதிகாரி பில்லைச் சரிபார்த்துட்டா அப்பவும் மறைஞ்சுடும். என் சாஃப்ட்வேருக்கு ஒரே வேலைதான்: வரி இருந்தா பட்டனைக் காட்டு, இல்லேன்னா காட்டாதே.

'கையேட்டுலதான் எல்லாம் இருக்கே, படிச்சு எழுதிக்க வேண்டியதுதானே'ன்னு ஒரு அண்ணன் கேட்டார். எழுதிக்கலாம்ணா. விதி மாறினா? மொதல்ல 100 கி.மீ.க்கு ஒரு நாள்னு கணக்கு. 2021 ஜனவரி 1லிருந்து 200 கி.மீ.க்கு ஒரு நாள். 1,000 கி.மீ. போற சரக்குக்கு 10 நாளா இருந்தது 5 நாளாச்சு. 2025 ஜனவரி 1லிருந்து 180 நாளுக்கு மேல பழசான ஆவணத்துக்கு இ-வே பில் போட முடியாது, பில் போட்ட நாள்லிருந்து 360 நாளுக்கு மேல நீட்டிக்கவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் என்.ஐ.சி. ஒரு இடத்துல மாத்தும். விதியைக் காப்பியடிச்சு வெச்சிருக்கற ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனித்தனியா மாத்தணும். நடுவுல ஜிஎஸ்பி வேற. அப்டேட்டுக்குப் பணம் கட்டறது யாரு? கடைசியில நிக்கற ஜாப் ஒர்க்காரர்.

அடுத்த வாதம்: 'லிங்க் கொடுத்தாலும் எவனும் பயன்படுத்த மாட்டான், முகவரியை நேரா எழுதிடுவான்.' கிட்ஹப்ல பட்டியல் கேட்டுப் பாருங்க, அடுத்த பக்கத்துக்கான லிங்க் பதிலோட தலைப்புலயே வரும். பேபால்ல ஒரு ஆர்டர் போட்டா, வாங்கறவரை ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டிய லிங்க் பதில்லயே வரும். அந்த லிங்க்கைப் பிடிச்சுப் போற புரோகிராமர்கள் இருக்காங்க. கொடுத்தாதானே பயன்படுத்துவான்?

மூணாவது வாதம் நியாயமானது, மறைக்க மாட்டேன். லிங்க் வழியைத்தான் காட்டும். அங்க போய் என்னென்ன நிரப்பணும், 'நீட்டிக்க'ன்னா என்ன அர்த்தம்ங்கறதை யாராவது ஒரு மனுஷன் ஒரு தடவை படிச்சே ஆகணும். கையேடு ஒழியாது. சரிதான். ஆனா 'எப்படி'ங்கறதை ஒரு தடவை படிச்சாப் போதும். 'இப்ப முடியுமா'ங்கறதை ஒவ்வொரு தடவையும் கேட்கணும், அதுக்குப் பதில் சர்வர்கிட்ட மட்டும்தான் இருக்கு. என் பெரியப்பா காசு போனது ரெண்டாவதுலதான்.

இது ஏன் இப்ப அவசரம்னா, இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1ல ஆரம்பிச்சப்ப 500 கோடிக்கு மேல வியாபாரம் பண்றவங்களுக்குத்தான். படிப்படியா இறக்கி 2023 ஆகஸ்ட் 1ல 5 கோடிக்குக் கொண்டு வந்துட்டாங்க. 500 கோடிக்காரருக்குத் தனியா ஐ.டி. டிபார்ட்மென்ட் இருக்கும். கையேடு படிக்க ஆள் இருக்கும். 5 கோடிக்காரருக்கு ஒரு அக்கவுண்ட்ஸ் அக்காவும், சாயங்காலம் வர்ற என்னை மாதிரி ஒரு அரைகுறையும்தான். ஆள் இருக்கறவனுக்கு எழுதின ஏபிஐயை ஆள் இல்லாதவன் மேல வெச்சா, அந்தக் கஷ்டத்துக்குப் பேர் 'டிஜிட்டல் வளர்ச்சி' இல்லீங்க.

நம்மூர்ல சாஃப்ட்வேர் எழுதற அண்ணன்களுக்கும் ஒண்ணு. சர்வர் மாறற வரைக்கும் காத்திருக்க வேணாம். உங்க சாஃப்ட்வேர் எங்களுக்குக் கொடுக்கற பதில்லயாவது அந்தக் கடைசி வரியை எழுதுங்க. எண்ணைக் காட்டாதீங்க, வழியைக் காட்டுங்க. டிசி எழுதற மெர்ச்சண்டைசருக்கு இருக்கற அக்கறை ஒரு மெஷினுக்கும் இருக்கலாம், தப்பில்ல.

டிஸ்கி: நான் புரோகிராமர் இல்ல. டெக்னிக்கலா தப்பு இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க, திருத்திக்கறேன். 'கிளட்ச்சை மொதல்லயே பார்த்திருக்கலாமே'ன்னு மட்டும் யாரும் கேட்காதீங்க, அதைப் பெரியப்பா கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு :-)