கூரையின் கனம்

துணியைத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டு மழையில் உறங்கத் துணிகிறவனுக்கு இரண்டு பேருடைய தயவு வேண்டும். ஒருவர் வருண பகவான், மற்றவர் தையற்காரர். முதல்வர் நம் சொல்லைக் கேட்பவரல்லர். ஆகையால் இரண்டாமவரிடம் போகுமுன் என்ன துணி வாங்குவது என்று யோசிப்பது புத்திசாலித்தனம்.

இந்த யோசனை நமக்கு ஏன் வந்தது என்றால், சென்ற ஆண்டு நம்முடைய பழைய மாணாக்கன் ஒருவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவன் இப்பொழுது அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கிறான். மனைவியும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் உண்டு. விடுமுறை நாட்களில் மோட்டாரின் பின்னால் சிறிய வண்டியொன்றைப் பூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கும் காட்டோரத்துக்கும் போய்த் தங்குவது அந்தத் தேசத்தில் வெகுநாளைய வழக்கம். கடையில் அத்தகைய வண்டிக்கு விலை அதிகம். ஆகவே இரும்புச் சட்டத்தையும் ஒட்டுப் பலகையையும் கொண்டு தாங்களே செய்துகொள்கிறவர்களும் அங்கே அநேகர். நம் மாணாக்கனும் அப்படியே ஒரு வண்டி செய்துவிட்டான். கூரை மட்டும் பாக்கி. பிரயாணத்தின்போது மடிந்து கிடந்து, இரவில் எழுந்து நிற்கும் துணிக் கூரையாக அது இருக்க வேண்டுமாம்.

"ஸார், என் கார் சிறியது. இழுக்க வேண்டிய ஒவ்வொரு கிலோவும் எனக்குக் கணக்கு. துணிகளில் எது மிகவும் இலேசானது? ஒருவேளை பருத்திக் கித்தானை வாங்கி, மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசினால் மலிவாக முடியும் என்று ஒரு பழைய குறிப்பில் பார்த்தேன். செய்யலாமா?" என்று எழுதியிருந்தான்.

முதற் கேள்வியைப் படித்து நாம் சிரித்தோம். இரண்டாவதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

முதலில் சிரிப்புக்குக் காரணம் சொல்லுகிறோம். அவனுடைய கூரைக்கும் பக்கச் சுவர்களுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் துணி வேண்டும். நல்ல பருத்திக் கித்தான் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 340 கிராம். மொத்தம் நாலு கிலோ. லாரிகளுக்குப் போடுகிற பிளாஸ்டிக் பூசிய தார்ப்பாய் 600 கிராம் என்று வைத்தால் ஏழு கிலோ சொச்சம். மலையேறுகிறவர்கள் முதுகில் சுமந்து செல்லும் சிலிக்கோன் பூசிய நைலானோ ஐம்பது கிராமுக்குள் அடங்கும். பன்னிரண்டு மீட்டரும் சேர்ந்து அரைக் கிலோ சொச்சந்தான். ஆக, எல்லாவற்றிலும் கனமானதற்கும் எல்லாவற்றிலும் இலேசானதற்கும் உள்ள வித்தியாசம் ஏழு கிலோவுக்குள். ஒரு குடம் தண்ணீர் அதைவிடக் கனம்! இவன் வண்டியிலோ நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பதாக அதே கடிதத்தில் பெருமையுடன் எழுதியிருக்கிறான். தொட்டியைப் பாதி நிரப்பினால் இருபது கிலோ மிச்சம். துணியின் எடையைப் பற்றிய கவலை அன்றோடு தீர்ந்தது.

முதுகில் சுமப்பவனுக்கு எடைதான் முதல் விஷயம். சக்கரத்தின் மேல் போகிறவனுக்கு அது கடைசி விஷயம்.

கூரையில் உண்மையான கனம் வேறு வழியாக வந்து சேருகிறது. ஒரு சதுர மீட்டர் துணி தொய்ந்து, அதில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மழைநீர் தேங்கினால் எடை பத்துக் கிலோ. தேங்கத் தேங்கத் துணி மேலும் தொய்யும். தொய்யத் தொய்ய மேலும் தேங்கும். நைலானுக்கு இந்த விஷயத்தில் ஒரு குறை உண்டு. ஈரம் பட்டால் அது சற்று நீளும். மாலையில் மத்தளம்போல் விறைப்பாகக் கட்டிய கூரை, நள்ளிரவு மழையில் தொட்டில்போல் தொங்கும். வெயிலில் நெடுநாள் கிடந்தால் அதன் வலுவும் குறையும். பாலியெஸ்டர் ஈரத்தை அநேகமாக உறிஞ்சுவதில்லை, அதனால் நீளுவதுமில்லை, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். ஆகையால் மேற்கூரைக்கு நைலானைவிடப் பாலியெஸ்டரே மேல் என்பது நமது அபிப்பிராயம். எந்தத் துணியானாலும் சரிவு மட்டும் தாராளமாக இருக்க வேண்டும். ஓடு வேய்கிறவன் மேல் ஓட்டின் விளிம்பைக் கீழ் ஓட்டின்மீது ஏற்றி வைப்பதுபோலத் தையல் மடிப்பும் கீழ்நோக்கி அமைய வேண்டும்.

இனி, பருத்தியின் குணத்தைச் சொல்ல வேண்டும். இதை நாம் புத்தகத்தில் படித்ததோடு நில்லாமல், நனைந்தும் தெரிந்துகொண்டோம். பதினேழு வருஷங்களுக்கு முன் நம் பள்ளிச் சாரணப் பையன்களை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றோம். புத்தம் புதிய கித்தான் கூடாரம். இரவு மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்தினுள் தையலோரமெல்லாம் சொட்டத் தொடங்கிற்று. பருத்தி நூல் நனைந்தால் பருக்கும். பருத்து, நெசவின் இடைவெளியையும் ஊசித் துளையையும் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒருமுறை நன்றாக நனைத்து உலர்த்தியிருக்க வேண்டும். அதைச் செய்ய மறந்த உபாத்தியாயர் சாட்சாத் நாமேதான். போதாததற்கு, "துணியை விரலால் தொடாதீர்கள், பரப்பு இழுவிசை அறுந்து நீர் உள்ளே இறங்கும்" என்று நாம் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில், வாஸ்தவந்தானா என்று பார்க்க ஒரு பையன் விரலை வைத்தான். வாஸ்தவந்தான் என்று நம் தலையில் சொட்டி நிரூபணமாயிற்று. அந்தப் பையன்தான் இப்பொழுது மிச்சிகனில் வண்டி செய்கிறவன்.

பருத்திக்கு இப்படிச் சில குறைகள் உண்டு. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பூத்து இற்றுப்போகும். ஆயினும் அதனிடம் பூச்சுத் துணிகளுக்கு இல்லாத ஒரு பெருங்குணம் இருக்கிறது. அது மூச்சு விடும். நம் சுவாசத்திலும் தோலிலும் நாமறியாமல் வெளிப்படும் நீர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 800 மில்லிலிட்டர். இரண்டு பெரியவர்கள் எட்டு மணி நேரம் உறங்கினால் சுமார் அரை லிட்டர். சுற்றிலும் நீர்புகாப் பூச்சுத் துணியானால் இந்த ஆவி போவதற்கு இடமில்லை. குளிர்ந்த துணியில் முத்து முத்தாகக் கோத்து விடியற்காலையில் குழந்தையின் முகத்தில் சொட்டும். தகப்பனார் கூரை ஒழுகுகிறது என்று தையலைத் திட்டுவார்.

ஆகவே நாம் எழுதிய யோசனை இது: சுவருக்கும் உட்கூரைக்கும் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த கித்தான், அதன்மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு, பூச்சிட்ட இலேசான பாலியெஸ்டர் மேல்விரிப்பு. மழையை மேல்விரிப்பு தடுக்கும்; மூச்சைக் கித்தான் வெளியே விடும்; இடையிலுள்ள காற்று வெயிலைத் தணிக்கும். கூரையருகில் ஒன்றும் தரையருகில் ஒன்றுமாக வலையிட்ட இரண்டு காற்றுவழி. எல்லாம் சேர்ந்தும் எடை ஐந்து கிலோவுக்குள்.

நிற்க. இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

1944-ம் வருஷம் ஜூலை மாதம் 6-ந் தேதி, அதே அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்னும் நகரத்தில், ஒரு பெரிய சர்க்கஸ் கூடாரத்தில் ஆயிரக்கணக்கானவர் பகல் காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் தாய்மாரும் குழந்தைகளும். மழை இறங்காதிருக்க அந்தக் கூடாரத்துக்கு மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசியிருந்தார்கள். எங்கோ ஓரத்தில் நெருப்புப் பற்றிற்று. சில நிமிஷங்களில் கூடாரம் முழுவதும் எரிந்து விழுந்தது. 160 பேருக்கு மேல் மாண்டார்கள்.

பூசியபின் பெட்ரோல் ஆவியாய்ப் போய்விடும், மெழுகு தங்கும். பருத்தி நூல் திரி, மெழுகு எரிபொருள். ஒரு மெழுகுவர்த்திக்கு இதைத் தவிர வேறென்ன வேண்டும்? அந்த மெழுகுவர்த்திக்குள்ளே குழந்தையைப் படுக்கவைக்கலாமா என்பதுதான் நம் மாணாக்கன் தன்னையறியாமல் கேட்ட கேள்வி.

"அப்பா, மலிவு வேண்டாம். தீத்தடுப்புச் செய்த துணியாகப் பார்த்து வாங்கு. கூடாரத் துணிக்கென்றே உங்கள் தேசத்தில் சி.பி.ஏ.ஐ.-84 என்று ஒரு பரீட்சை உண்டு. அதில் தேறியதா என்று விற்பவரைக் கேள். தேறிய துணியும் அறவே எரியாத துணியல்ல. ஆகையால் அடுப்பும் கணப்பும் வண்டிக்கு வெளியே இருக்கட்டும். மூடிய துணிக்குள் எரியும் அடுப்பிலிருந்து நிறமும் மணமும் இல்லாத விஷவாயு உண்டாகும், அது தூங்குகிறவர்களை எழுப்பாது" என்று எழுதினோம். நம் கடிதங்களில் வழக்கமாகக் காணும் வேடிக்கை ஒன்றும் அதில் இல்லை.

இரண்டு மாதம் பதிலில்லை. கோபித்துக்கொண்டானோ என்று நினைத்தோம். பிறகு ஒரு நாள் வந்தது:

"ஸார், கித்தானைத் தைத்ததும் தோட்டத்தில் விரித்து மூன்று முறை நனைத்து உலர்த்தினேன். நேற்று இரவு ஏரிக்கரையில் நல்ல மழை. மூவரும் தூங்கினோம். காலையில் குழந்தை எழுந்ததும் முதற் காரியமாக விரலை நீட்டிக் கூரையைத் தொட்டாள். நான் பயந்துபோனேன். ஒரு சொட்டும் விழவில்லை."

பதினேழு வருஷத்துக்கு முன் நம் தலையில் விழுந்த சொட்டுக்கு அன்றுதான் ஈடு கிடைத்தது.